முந்திரிக்கொத்து வழக்கு

எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு கிடையாது. சொத்து இருந்தால்தானே! இருப்பதெல்லாம் கதைத் தகராறு. நான் எழுதுகிற கதையில் வருகிறவர்கள் ஒரு கட்சி, வராதவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பொது எதிரி நான்.

நான் எழுதுவது சில நூறு பிரதி அச்சாகும் சிற்றிதழில். பாதிப் பிரதி ஆசிரியர் வீட்டுப் பரணில் கிடக்கும். மீதியை வாங்குகிறவர்களும் எழுதுகிறவர்கள்தான். தங்கள் கதை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நம்பித்தான் அத்தையைப் பற்றி எழுதினேன். பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்துக்குப் பிறகு கதை என்று ஒன்றையும் தொட்டிராத சித்தப்பா மகன் அதை எங்கிருந்தோ பிடித்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஒரு பக்கம் மங்கலாக விழுந்துவிட்டது என்று மறுபடி எடுத்தும் போட்டான். தமிழ்ச் சிறுகதைக்கு இப்படி ஒரு வாசகன் வாய்ப்பது அபூர்வம்.

கதையில் வரும் அத்தை, கோயிலுக்குக் கிளம்பும் முன் டப்பாவைத் திறந்து அதிரசத்தை எண்ணி வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்து, நெற்றி விபூதி காய்வதற்குள் மறுபடி எண்ணுவாள். அவ்வளவுதான் கதை. மறுநாள் காலை கோவில்பட்டியிலிருந்து போன்.

“ஏல, நான் எந்தக் காலத்துல அதிரசத்த எண்ணுனேன்?”

“அது கற்பனை அத்தை.”

“முந்திரிக்கொத்தத்தானல எண்ணுவேன்! அதிரசம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுமே, அத எப்படி எண்ண? படிக்கிறவன் சிரிக்க மாட்டான்?”

அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் தணிந்தாள்.

“சரி, எழுதுனதுக்கு எவ்வளவு குடுத்தான்?”

சிற்றிதழில் பணம் கொடுக்கிற வழக்கம் இல்லை, நாம்தான் சந்தா கட்ட வேண்டும் என்று விளக்கினேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

“அப்போ என் மானத்த ஓசிக்கா குடுத்த?”

நல்ல விலைக்கு விற்றிருந்தால் மன்னித்திருப்பாள். இனாமாகக் கொடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. என் சொந்தபந்தம் எல்லாருக்கும் இலக்கியத்தின் மேல் உள்ள ஆட்சேபம் இது ஒன்றுதான்.

கதையில் வராத கட்சியின் தலைவி பெரியம்மா. “உனக்குக் காலேஜ் முடியுத மட்டும் சோறு போட்டது நானு. முந்திரிக்கொத்து எண்ணுனவளுக்குக் கதையா?” என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டாள். சமாதானம் சொல்லி, என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தன் மருமகளைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னாள். எல்லாம் அச்சில் ஏற்ற முடியாத சரக்கு. பேரை மட்டும் மாற்றிவிடுகிறேன் பெரியம்மா என்றதற்கு, “மாத்துனா நான் எதுக்குல இவ்வளவு நேரம் சொல்லுதேன்?” என்றாள்.

அப்பாவிடம் முன்னோர் சாட்சியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். 1892இல் செகாவ் ஒரு கதை எழுதினார். டாக்டரின் மனைவி ஒருத்தி ஓவியனோடு பழகுகிற கதை. செகாவின் உயிர் நண்பர் லெவித்தான் ஓவியர். அவர் பழகிய அம்மாளும் ஒரு டாக்டரின் மனைவி. கதை வெளிவந்ததும் லெவித்தான் சண்டைக்கே நின்றார். மூன்று வருடம் போல இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. செகாவோ, 42 வயதுக்காரி என் 20 வயது நாயகியில் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டால் நான் என்ன செய்ய என்கிற தோரணையில் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். எவ்வளவு பெரிய மனிதர், அவருக்கே இந்தக் கதி!

அப்பா பொறுமையாகக் கேட்டார். “அவரு என்ன வேலை பார்த்தாரு?”

“டாக்டர்.”

“அதான பார்த்தேன். சண்டை போட்டவனுக்கும் காய்ச்சல் வந்தா அவருகிட்டதான வரணும்? உங்கிட்ட எதுக்கு வரணும்?”

சமாதானமான பிறகு லெவித்தானின் இதயத்தைச் செகாவே சோதித்துப் பார்த்ததும் நடந்ததுதான். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. புதுமைப்பித்தனும் அப்பாவோடு ஒத்துப்போகாமல்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்று எங்கள் ஜில்லாக்காரரையே இழுத்தேன். “அவங்க அப்பா தாசில்தார், கோவிச்சுக்கிட வசதி இருந்தது. நான் கூட்டுறவு பாங்கில கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன். நீ வீட்டுலயே இரு” என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

என் மனைவி தமிழாசிரியை. டால்ஸ்டாய் 34 வயதில் 18 வயது சோஃபியாவைக் கட்டிக்கொள்ளும் முன், தன் பழைய லீலைகள் எல்லாம் எழுதியிருந்த நாட்குறிப்பைப் படிக்கக் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு ஆயுசுக்கும் அந்த வடு ஆறவில்லை. அந்தப் புத்திமதி எனக்கு உண்டு என்பதால் நாட்குறிப்பு எழுதுவதில்லை, கதையாகவே எழுதிவிடுகிறேன். மெய்ப்பு பார்ப்பது என் மனைவிதான். பழைய காதலைப் பற்றிய கதையைக் கொடுத்துவிட்டு, சமையலறைப் பக்கம் போகாமல் மொட்டைமாடியில் உலாவினேன். தாள் திரும்பி வந்தது. ‘முத்தத்தை கொடுத்தாள்’ என்று நான் எழுதிய இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில், ‘இரண்டாம் வேற்றுமை விரி. க் மிகும்.’ தாளே கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தாள்.

நண்பர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறையில் இருந்தவனும் எழுத்தாளனாகிவிட்டான். ஒரு குடியிரவைப் பற்றி இருவருமே எழுதியிருக்கிறோம். என் கதையில் வாந்தி எடுத்தது அவன். அவன் கதையில் நான். உ.வே.சா. இருந்திருந்தால் அடிக்குறிப்பில் பாடபேதம் கொடுத்திருப்பார்.

அந்த ‘க்’ மிகுந்த கதையின் நாயகியை, ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் பார்த்தேன். என் பதிப்பாளர் கடையில், என் தொகுப்போடு நின்றாள். பக்கத்தில் கணவர், கையில் டெல்லி அப்பளத்தோடு ஒரு பையன்.

“நல்லா இருக்கீங்களா?” என்றாள். கணவர் பில் போட நகர்ந்ததும் ‘நீங்க’ கழன்றுகொண்டது.

“கதையில, பீச்சுல உக்காந்து நான் அழறேனா? அன்னைக்கு அழுதது நீ. என் துப்பட்டாலதான் மூக்கச் சிந்துன.”

“கதைக்கு அப்படித் தேவைப்பட்டுச்சு.”

“சரி, மூக்குத்தி? நான் மூக்கே குத்துனதில்லையே. யாரு அது?”

அவள் பிறகு வந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். கதைக்குக் கீழே வருடம் போட்டிருந்தது. கணக்கில் இவள் எப்போதும் கெட்டிக்காரி. விரலை மடக்கவே ஆரம்பித்துவிட்டாள். நல்லவேளை, கணவர் திரும்பிவிட்டார்.

“எல்லாருக்கும் பத்து பர்சென்ட்தான் கழிவாம். நீங்களே பக்கத்துல இருக்கீங்க, கொஞ்சம் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்களேன் சார்.”

“வேணாம், விடுங்க” என்றாள் அவரிடம். “இந்தப் புக்குக்கு நம்ம பக்கத்துலேருந்து ஏற்கெனவே நிறையப் போயிருக்கு.”