பாலாற்றங்கரையின் பதவிசான கண்

வெளிச்சுவரில் மாட்ட, பார்ப்பவர் கண்ணை உறுத்தாத, இருட்டிலும் பளிச்சென்று பார்க்கிற கேமரா எது என்று தேடுகிறவர்கள் சென்னை ரிச்சி தெருவில் கால் நோக அலைய வேண்டாம். பாலாற்றுப் படுகையின் தோல் சீமைக்கு வந்தால் போதும். கிழக்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, ஒதுங்கினாற்போல் பேரணாம்பட்டு. கேமரா வளர்ப்பில் இந்த வட்டாரத்தை மிஞ்ச ஆளில்லை.

முதல் குணம் அடக்கம். நீட்டிக்கொண்டு நிற்கும் புல்லட் கேமராவைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் உருண்டையான டோம் வகையைத் தாழ்வாரத்துக்கு அடியில், சுவரின் நிறத்திலேயே பதித்துவிடுகிறார்கள். அதிலும் நுட்பம் உண்டு. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு இருட்டில் லேசாகச் சிவந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். 940 நானோமீட்டர் விளக்கு இருப்பதே தெரியாது. ஆனால் அதன் பார்வை அவ்வளவு தூரம் எட்டாது. இருக்கிற இடமும் தெரியக்கூடாது, தூரத்தில் நடப்பதும் தெரியக்கூடாது என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, இரவுப் பார்வை. மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். சென்சாரின் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும், லென்ஸின் துவாரம் எஃப் 1.0, எஃப் 1.6 என்று அகலமாக இருக்க வேண்டும். சின்னச் சென்சாரில் எட்டு மெகாபிக்சலைத் திணித்தால் ராத்திரியில் புள்ளிமழைதான் மிஞ்சும். இந்தக் கணக்கெல்லாம் இங்கே பாலபாடம். அதனால்தான் நடுநிசியில் தோல் பதனிடும் டேனரியின் கேட்டருகே பூனை குறுக்கே போனாலும் மீசை எண்ணலாம். ஷிப்ட் முடிந்து போகும் தொழிலாளியின் சாப்பாட்டுப் பையில் ஒரு துண்டுத் தோல் இருந்தால், பையின் புடைப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம். முன்வாசலில் இந்தக் கண்ணுக்குத் தப்பி எதுவும் போனதாக வரலாறு இல்லை.

அப்படிப்பட்ட கண், பின்பக்கத்துக் கால்வாய் என்று வந்தால் நாணித் தலைகுனியும் அழகுதான் என்னை உருக்குகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் மாராப்பட்டுப் பக்கம் பாலாற்றில் நுரை பொங்கி நிற்கும். ராத்திரியில் மழையோடு மழையாகக் கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வெள்ளை நுரையைவிட இருட்டில் எடுப்பாகத் தெரியும் பொருள் உலகத்தில் ஏது? ஆனாலும் பிறத்தியார் வீட்டு விவகாரத்தை எட்டிப் பார்க்காத பண்பு இந்தக் கேமராவுக்கு. மனிதர்களிலேயே இப்படி ஒருவரைக் காண்பது அரிது.

விஞ்ஞானமும் அதன் பக்கமே நிற்கிறது. அகச்சிவப்பு வெளிச்சத்தில் நிறம் தெரியாது. எல்லாம் கறுப்பு, வெள்ளை, சாம்பல். குரோமியம் கலந்த நீரின் நீலப் பச்சையும் தேர்த்திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் ஊற்றும் நீரும் அங்கே ஒரே சாம்பல் நிறம். சாதி பேதம் பாராத சமத்துவப் பார்வை! வாடையைப் பதிவு செய்யும் கேமராவை இன்னும் எவரும் கண்டுபிடிக்காததும் நம் பாக்கியமே.

இந்தப் பெருமையை எங்கள் ஊர் தானாகத் தேடிக்கொண்டது என்று நினைத்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் துரோகம் செய்தவர்களாவோம். மிக அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் கழிவை இணையவழியாகக் கண்காணிக்கும் கருவிகள் வைக்க வேண்டும் என்று 2014-ல் வாரியம் உத்தரவிட்டது. தோல் பதனிடுவதும் அந்தப் பதினேழில் ஒன்று. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடுவதில்லை என்று சொல்லும் ஆலைகள், வளாகத்திலிருந்து தண்ணீர் வெளியேற வாய்ப்புள்ள கால்வாயில் ஓட்டமானியும், திரும்பவும் நிமிரவும் குனியவும் நெருங்கிப் பார்க்கவும் தெரிந்த, இரவுப் பார்வையுள்ள கேமராவும் வைக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. திரும்பத் தெரிந்த கேமரா வேண்டும் என்று கேட்டவர்களின் தீர்க்கதரிசனத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுகூட அதற்குத் தெரிந்திருக்கிறதே!

ஒன்று சொல்ல வேண்டும். உப்பு நீரைக் காய்ச்சி வடித்து, மின்கட்டணத்தில் நொந்து, உண்மையிலேயே ஒரு சொட்டும் விடாத டேனரிகளும் உண்டு. அவர்கள் கேமராவை எந்தத் திசையில் வேண்டுமானாலும் மாட்டலாம். எனவே கேமராக் கலையின் நெளிவு சுளிவு அவர்களுக்குத் தெரியாது; விட்டுவிடுவோம்.

கேமரா இல்லாத காலத்து மனிதர்கள் பட்ட பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை நீதிபதிகள் பார்த்தார்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியா முழுவதற்கும் நிலைநாட்டினார்கள். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். கேமராவும் ரெக்கார்டரும் வயரும் சேர்ந்த நல்ல செட் ஒன்றுக்கு இன்று அந்தப் பணம் காணாது. நீதிக்கும் நிழற்படத்துக்கும் விலைவாசி அவ்வளவு ஒத்துப்போகிறது.

2015 ஜனவரி கடைசியில் ஒரு நள்ளிரவு. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். சுவர் ஒரே நாளில் பலவீனமாவதில்லை. தொட்டி ஒரே ராத்திரியில் நிரம்புவதுமில்லை. ஆனால் திருடன் நடமாடினால்தானே கேமரா அலாரம் அடிக்கும்? கசடு அசையாமல் ஏறியது. அசையாததைக் கண்டு கூச்சல் போடுவது நல்ல கேமராவுக்கு அழகல்ல.

அதன் பிறகு பத்தாண்டு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றிப் பேசியது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும், அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. 1996-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது 28 வயது. அவ்வளவு காலம் பழுதில்லாமல் ஓடும் ஹார்டு டிஸ்க் சந்தையில் கிடையாது. பாலாற்றங்கரை விவசாயியின் நினைவு ஓடுகிறது.

அதனால் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். சென்சாரைப் பாருங்கள், லென்ஸைப் பாருங்கள். சிலந்தி வலை கட்டினால் அகச்சிவப்பில் அது வெள்ளைத் திரையாக மறைக்கும். கேட்டுப் பக்கத்துக் கேமராவை வாரம் ஒருமுறை துடையுங்கள். கால்வாய்ப் பக்கத்துச் சிலந்தியைத் தொந்தரவு செய்யாதீர்கள், அதற்கும் குடும்பம் இருக்கிறது. கால்வாய்க் கேமராவின் படத்தை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பெரிய திரையில், எல்லோரும் பார்க்க இரவும் பகலும் ஓடவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் சும்மா இருக்காது; எந்த டேனரி, எத்தனை மணி என்று கேட்டுவிடும். இத்தனை வருஷம் பதவிசாக வளர்த்த கேமராவை ஒரே ராத்திரியில் வாயாடியாக்கிய பாவம் நமக்கு எதற்கு?