இரட்டைச் சாய்கோட்டின் வலப்பக்கம்: ஓர் ஆய்வு

கமென்ட் என்பது யாதோ எனின், நிரலுக்குள் எழுதும் குறிப்பாய், கம்பைலர் கண்டுகொள்ளாததும், எழுதியவர் மறந்துபோவதும், பின்னால் வருபவர் நம்பிக் கெடுவதுமான ஒன்று என்க. ஃபோர்ட்ரான் (1957) காலத்தில் துளை அட்டையின் முதல் கட்டத்தில் 'சி' குத்தினால் அந்த அட்டையை இயந்திரம் தாண்டிப் போகும். பேசிக் 'ரெம்' என்றது. லிஸ்ப் அரைப்புள்ளி வைத்தது. சி++ இரண்டு சாய்கோடு போட்டது. குறிதான் வேறு, ஏற்பாடு ஒன்றே.

'எக்ஸுடன் ஒன்றைக் கூட்டு' என்னும் வரிக்குப் பக்கத்தில் 'எக்ஸுடன் ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று எழுதுவது ஒரு வகை. கமென்ட் இல்லாத நிரலை மேலாளர் ஏற்கமாட்டார் என்ற நிலங்களில் இது செழித்து வளரும். இதற்கு மேல் இதற்கு இடம் தருவதற்கில்லை.

ஆய்வுக்குரியது அச்சத்தில் பிறக்கும் கமென்டே. 1969-இல் அப்பல்லோ 11-இன் நிலாக்கலத்தை இறக்கிய நிரலில், இரண்டு வரிகளுக்கு அருகே 'தற்காலிகம்' என்று எழுதி, அப்படித்தான் என நம்புவதாக மும்முறை அடுக்கியிருக்கிறார்கள். அந்த வரிகள் அப்படியே நிலவுக்குப் போயின. தற்காலிகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவரை கிடைத்த உச்ச அளவு இது.

யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் (1975), ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில், இது உங்களுக்குப் புரியும் என எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஒரு கமென்ட் உண்டு. யுனிக்ஸின் கமென்ட் வறட்சிக்குச் சான்றாக இதைப் பலரும் காட்டினர். 'பரீட்சைக்கு வராது' என்ற பாவனையில் எழுதியது என்று யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் உரை கண்டார். தங்களுக்கே அது சரியாகப் புரியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். யுனிக்ஸை இன்டர்டேட்டா கணினிக்குக் கொண்டுபோனபோது அந்தத் தாவல் உத்தி செல்லுபடியாகவில்லை. நிரல் பிழை, கமென்ட் சரி: இத்துறையில் அரிதினும் அரிது. வழக்கமாக நிரலைப் பத்து முறை திருத்துவார்கள், கமென்ட் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

நல்ல பெயர் வைத்தால் கமென்டே வேண்டாம் என்பார் ஒரு சாரார். அற்றன்று, 'மூன்று விநாடி காத்திரு' என்று ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கலாம். எதிர்முனை சர்வர் மெதுவாக விழித்தெழும், அதனால்தான் காத்திருக்கிறோம் என்பதைப் பெயர் சொல்லாது. கமென்டும் சொல்லாவிட்டால், புதிதாகச் சேர்ந்தவர் அந்த வரியை வீண் என்று கருதி நீக்குவார். நீக்கும் பொழுது வெள்ளிக்கிழமை மாலை என்பது இத்துறையினர் துணிபு.