பட்டம் தராத படிப்பு

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் பன்னிரண்டு வருஷமாகப் பாதுகாப்பு அதிகாரி. வயது 38. இனிமேல் வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு ஆசைப்படலாமா?

பதில்: தாராளமாக! உங்கள் வயதுக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் 1978-ல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் ஹம்ப்ரி ஃபெல்லோஷிப்பை ஆரம்பித்தார். அந்த வருஷம் மறைந்த முன்னாள் துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரியின் நினைவாக வைத்த பெயர். (மனிதர் அப்பாவின் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு அரசியலுக்குப் போனவர்.) பட்டம் வாங்கியபின் 5 வருஷ முழுநேர அனுபவம் கேட்பார்கள், நரைமுடிக்கு மவுசு உள்ள அபூர்வமான இடம். சுமார் 10 மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம், கூடவே அங்குள்ள ஏதாவது ஓர் அலுவலகத்தில் சில வாரம் வேலை. முடிவில் பட்டம் கிடையாது. மகள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒன்றும் தேறாது.

விண்ணப்பத்தில் 'சமூகப் பொறுப்புடன் பணியாற்றினேன்' என்று அளக்காதீர்கள். உலைப்புகை ராத்திரி எத்தனை மணிக்கு அடர்த்தியாகிறது, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கையுறை ஏன் வந்து சேருவதில்லை, எந்த விதியைத் திருத்தினால் சேரும் என்று எழுதுங்கள். விண்ணப்பத்தில் 'கொள்கை' என்று தேர்வாளர்கள் கேட்பது அதைத்தான்.

முதலாளியிடம் 10 மாத லீவு வாங்குவது எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு ஃபெல்லோஷிப் வேண்டும்.