மயிலைக் கட்டித் தீனி போடுகிறோம்

விமான நிறுவனம் நடத்துவோர் எரிபொருள் விலையைப் பார்ப்பார்கள். டொலர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். வளைகுடாக்காரர்கள் ஆசனத்தை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று தூக்கம் கெட்டுக் கணக்குப் போடுவார்கள். மயில் சின்னம் கொண்ட நம் ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸை ஆட்டுவித்தவர்களுக்கு இந்தத் தலைவலி இருந்ததில்லை. அவர்களின் வணிக உத்தி ஒரே வரி: ஆசனம் அவர்களுக்கு, கட்டணம் நமக்கு.

1998 முதல் பத்து ஆண்டுகள் நிர்வாகம் எமிரேட்ஸ் கையில் இருந்தது. தலைமை நிர்வாகி பீற்றர் ஹில். 2007 டிசம்பரில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ தம் பரிவாரத்தோடு லண்டனிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. விமானத்தில் இடமில்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய 35 பேரை இறக்கச் சொன்னார்கள். ஹில் மறுத்தார். அவருடைய வேலை விசா பறிபோனது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் எமிரேட்ஸ் கையைக் கழுவிக்கொண்டது. பயணியை இறக்காதவரை நாட்டைவிட்டே இறக்கினோம். தேசிய கௌரவம் காப்பாற்றப்பட்டது.

அடுத்த தலைவர் யார்? உலகமெல்லாம் தேடியிருப்பார்கள் போலும். தகுதியான ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஜனாதிபதியின் மைத்துனர், நிஷாந்த விக்ரமசிங்க.

ஒரு நிறுவனத்தில் இழப்பது போதாதென்று, 2007இலேயே அரச பணத்தில் மிஹின் லங்கா என்று இன்னொன்றும் தொடங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டே அது பறப்பதை நிறுத்தியது. மீண்டும் தூக்கிவிட்டார்கள். 2016இல் ஒரேயடியாக மூடினார்கள். அதன் கடன் மட்டும் மூடப்படவில்லை.

எயார்பஸ் கதைதான் இதில் முத்து. 2013இல் புது விமானங்கள் வாங்க ஒப்பந்தம். 2020இல் லண்டன் நீதிமன்றத்தில் எயார்பஸ் ஏற்றுக்கொண்ட உண்மைகள் இவை: நம் நிறுவனத்து உயரதிகாரி ஒருவரின் மனைவியை இடைத்தரகராக வைத்துக்கொண்டார்கள். 16.84 மில்லியன் டொலர் வரை தருவதாகப் பேச்சு. அவருடைய கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது 2 மில்லியன். பிரித்தானிய ஏற்றுமதிக் கடன் அமைப்பு, யார் இந்தத் தரகர் என்று கேட்டபோது பெயரை மாற்றிச் சொன்னார்கள். பெண்ணை ஆணாகவும் மாற்றிச் சொன்னார்கள். எயார்பஸ் அபராதம் கட்டியது, பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும். விமானத்தின் விலையைக் கட்டியவர்கள் நாம்.

ராஜபக்ஷ தோற்று ‘நல்லாட்சி’ அரசு வந்தால் விடியும் என்றார்கள். வந்தது. குத்தகைக்குப் பேசியிருந்த ஏ350 விமானங்கள் வேண்டாம் என்று 2016இல் முடிவு செய்தது. வேண்டாம் என்று சொல்வதற்குச் சுமார் 98 மில்லியன் டொலர். வந்திறங்காத விமானத்துக்கும் வாடகை கொடுத்த பெருமை நமக்குண்டு. பிறகு பங்கு வாங்க வந்த அமெரிக்க முதலீட்டாளர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனார்கள்.

மத்தளையைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். ஹம்பாந்தோட்டையில் சீனக் கடனில் கட்டி, ஜனாதிபதியின் குடும்பப் பெயரையே சூட்டி, 2013இல் திறந்த பன்னாட்டு விமான நிலையம். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமும் இறங்கலாம். இறங்கத்தான் ஆளில்லை. ஜனாதிபதி உத்தரவுக்கு அங்கே பறந்துகொண்டிருந்த ஶ்ரீலங்கன், 2015 ஜனவரியில் அவர் தேர்தலில் தோற்ற கையோடு சேவையை நிறுத்தியது. சரக்குக் கூடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். ஓடுபாதையில் காட்டு விலங்குகளை விரட்டப் படையினரை இறக்கினார்கள்.

2022இல் நாடே வங்குரோத்து. மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. கடதாசி இல்லாமல் பள்ளிப் பரீட்சைகள் தள்ளிப்போயின. நம் மயில் எண்ணெய் ஊற்றிக்கொள்ள திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பறந்தது. அந்த மே மாதம் பிரதமர் ரணில் விக்ரமசிங்க தொலைக்காட்சியில் கணக்கைச் சொன்னார்: 2020/21 ஓராண்டின் நட்டம் மட்டும் 45 பில்லியன் ரூபாய். 2021 மார்ச் வரை மொத்தம் 372 பில்லியன். விமானத்தில் காலே வைக்காத ஏழையும் இதைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்று வருந்தினார். நல்ல மனது. ஏ350க்கு 98 மில்லியன் போனபோதும் அவர்தான் பிரதமர்.

பிறகு நிறுவனத்தை விற்கப் போனார்கள். உருப்படியாக வாங்க ஆளில்லை. 2024இல் வந்த புதிய அரசு, விற்பதில்லை, அரசே வைத்துக்கொள்ளும் என்றது. அரசு என்றால் யார் என்று நமக்குத் தெரியாதா?

372 பில்லியனை 22 மில்லியன் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 17,000 ரூபாய். பிறந்த குழந்தையையும் சேர்த்துத்தான். நாலு பேர் உள்ள வீடென்றால் 68,000. உங்கள் வீட்டுக் கட்டணம் ஏற்கெனவே அறவிடப்பட்டுவிட்டது. ஆசனம் எங்கே என்று அடுத்த தேர்தலில் வாசலுக்கு வருபவரிடம் கேளுங்கள்.