காசு வாங்கிய வாய்

கேள்வி: பிளாக்செயின் விளையாட்டில் விளையாடியே சம்பாதிக்கலாம் என்று ஒரு யூடியூபர் சொல்கிறார். மிளகு விற்ற பணத்தை அதில் போடச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். போடலாமா?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: வேண்டாம். உங்கள் மகன் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த யூடியூபருக்குக் கூலி முன்பே வந்திருக்கலாம். மிளகு வியாபாரியிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு, உங்கள் பக்கம் நின்று "நல்ல விலைதான், கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் தரகரை நம்புவீர்களா?

ஒரு வியட்நாம் நிறுவனத்தின் 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' என்ற பிளாக்செயின் விளையாட்டு இப்படித்தான் கொண்டாடப்பட்டது. பிலிப்பைன்ஸில் பலர் அதையே பிழைப்பாக்கினார்கள். ஆனால் பழைய ஆட்டக்காரரின் வருமானம், புதிதாகச் சேருபவர் கொண்டுவரும் பணத்தை நம்பியிருந்தது. ஆட்டத்தில் பரிசாகக் கிடைக்கும் டோக்கன் என்ற டிஜிட்டல் காசின் விலை 2021 நடுவில் 30 சென்ட்டைத் தாண்டியது; அடுத்த ஆண்டு நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. 2022 மார்ச்சில் அதன் பணப் பரிமாற்றம் நடக்கும் ரோனின் வலையமைப்பில் சுமார் 60 கோடி டாலர் திருட்டும் நடந்தது.

காசு வாங்கிப் பேசுவது குற்றமில்லை, மறைப்பதுதான் துரோகம். இதீரியம்மேக்ஸ் என்ற கிரிப்டோவைப் புகழ 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லாத அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன், அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் வழக்கை முடிக்க 2022-ல் 12.6 லட்சம் டாலர் கட்டினார். நம் நாட்டிலும் இந்திய விளம்பரத் தர மன்றம், 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விளம்பரங்களில் நஷ்ட எச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்றது. பொய் விளம்பரத்தில் நடிப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

மகனைத் திட்டாதீர்கள். "இதைச் சொல்ல எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று அந்த யூடியூபரிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை மிளகுப் பணம் வங்கியில் இருக்கட்டும்.