குஞ்சியம்மாவுக்கு எந்தப் போன்?

ஸ்காபரோ,
ரொறன்ரோ.

அன்பின் குஞ்சியம்மாவுக்கு,

பழைய பட்டன் போனை விட்டிட்டு ரச் போன் வாங்கப் போறியளாம். "ஐபோனோ, அன்ட்ரொயிட்டோ, எது திறம்?" எண்டு தம்பியைக் கொண்டு குடும்ப வட்ஸ்அப் குழுவிலை கேட்பிச்சியள். கேட்டான். அண்டைக்குத் தொடங்கின சண்டை இன்னும் ஓயேல்லை.

இந்த ஊர்ப் பிள்ளையளுக்கு இப்ப ரெண்டே சாதிதான். ஐபோனிலையிருந்து ஐபோனுக்குச் செய்தி போனால் நீலம், அன்ட்ரொயிட்டுக்குப் போனால் பச்சை. பச்சைக்காரரைக் கூட்டாளிமார் குழுவிலை சேர்க்கமாட்டினமாம். எங்கடை கடைக்குட்டி சாப்பிடாமல் கிடந்தெல்லோ நீலத்துக்கு மாறினவள்! போன மாதம் ஒரு சாமத்தியவீடு. ஐபோன்காரர் மேடையடியிலை கிட்டக்கிட்ட நிண்டு ஏர்ட்ரொப்பிலை படம் மாத்தினவை. சம்சுங் வைச்சிருந்த மாமாமார், முதல் பந்தியிலை இடம் கிடைக்காதவை மாதிரிப் பின்னாலை நிண்டு, "வட்ஸ்அப்பிலையும் போட்டுவிடுங்கோ பிள்ளையள்" எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவை.

உங்களுக்கு இந்தக் கரைச்சல் வேண்டாம். ஆனால் வேறை ஒரு கரைச்சல் வரும். போன் வாங்கப் போறியள் எண்ட கதை பரவினால், ஒவ்வொரு நாட்டிலையிருந்தும் லாச்சிக்குள்ளை கிடக்கிற பழைய போனுகள் வெளிக்கிடும். லண்டன் மச்சாள் ஐபோன் 6 அனுப்பட்டோ எண்டு கேட்பா. அது 2014இலை வந்தது. 2025 மே மாதத்தோடை அதிலை வட்ஸ்அப் நிண்டுபோச்சு. வட்ஸ்அப் இல்லாத போன் எங்கடை சனத்துக்கு என்னத்துக்கு? அமெரிக்காவிலை இருக்கிற பெரியண்ணை ஐபோன் 14 தாறன் எண்டு நிப்பார். 2022இலை வந்த அந்த மொடலிலையிருந்து அமெரிக்காவிலை விக்கிற ஐபோனுகளிலை சிம் போட ஓட்டையே இல்லை, எல்லாம் ஈ-சிம். உங்கடை சிம்மை எங்கை செருகிறது?

என்னைக் கேட்டால், உங்களுக்குப் போன் தெரிவு செய்யவேண்டிய ஆள் முன்வீட்டுப் பெடியன். அவன் வைச்சிருக்கிறது அன்ட்ரொயிட். இரவு எட்டு மணிக்கு எழுத்தெல்லாம் திடீரெண்டு பெருத்துப்போனால் ஓடிவந்து சரிப்படுத்தப் போறவன் அவன்தான். இங்கை அப்ப காலமை, நான் வேலையிலை நிப்பன். கண்ணாடி உடைஞ்சாலும் சுன்னாகத்திலையே மாத்தலாம். ஐபோன் கண்ணாடியின்ரை விலையைக் கேட்டால் குஞ்சியய்யாவுக்குப் பிறசர் ஏறும்.

ஆனபடியால் அன்ட்ரொயிட்டே எடுங்கோ. கமரா எத்தினை எண்டு எண்ணாதையுங்கோ. எத்தினை வருசத்துக்கு அப்டேற் வரும் எண்டு கேளுங்கோ. 2024இலை வந்த சம்சுங் ஏ16க்கு 6 வருசம் தாறம் எண்டு கொம்பனி சொல்லியிருக்கு. தமிழிலை தட்டக் கஷ்டமெண்டால் கூகிள் விசைப்பலகையிலை மைக் படத்தை அமத்திப்போட்டுக் கதைச்சால் அதுவே எழுதும். உங்கடை வழமையான வேகத்திலை கதையாதையுங்கோ, கொஞ்சம் ஆறுதலாய்.

இன்னொண்டு. வீடியோ கோல் எடுக்கேக்கை போனைக் காதிலை வைக்காதையுங்கோ. பெரியம்மாவோடை போனகிழமை அரைமணித்தியாலம் கதைச்சம்; நாங்கள் கண்டது அவவின்ரை தோட்டை மட்டும்தான். ஊரிலை போன் இல்லாத காலத்திலை பிள்ளையின்ரை குரலைக் கேக்க கொழும்புக்கு வந்து லொட்ஜிலை காத்துக் கிடந்த மனிசி, பாவம், பழக்கம் விடுதில்லை.

காசு நாளைக்கு அனுப்புறன். கடையிலை, வாங்கப்போற போனிலை *#06# எண்டு அடிச்சால் 15 இலக்கம் வரும். இங்கிலீசிலை ஐ.எம்.ஈ.ஐ. எண்ட நாலு எழுத்தையும் புள்ளியில்லாமல் அடிச்சு, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் அடிச்சு 1909க்கு மெசேஜ் அனுப்புங்கோ. போன் பதிவான போனோ எண்டு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிலையிருந்து பதில் வரும். அந்தப் பதில் வராமல் கடைக்காரரிட்டை ஒரு சதமும் குடுக்காதையுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்