மீசை முங்கிய கதை

மலாய்க்காரர்கள் நம்மிடம் வாங்கிக்கொண்ட சொற்களில் இரண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று கப்பல், அவர்கள் ‘காப்பால்’ என்பார்கள். இன்னொன்று மீசை, ‘மிசாய்’ என்பார்கள். 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு, அதாவது எங்கள் கெடாவுக்கு, படையெடுத்து வந்தபோது இரண்டையும் இறக்கிவைத்துவிட்டுப் போனான் என்று கோயில் மண்டபத்தில் பல தடவை அடித்துவிட்டிருக்கிறேன். ஆதாரம் கேட்கக்கூடிய ஆள் வந்து உட்கார்ந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஒரே நாளில் என்னைக் கவிழ்க்கும் என்று யார் கண்டது?

ஆரம்பித்துவைத்தவள் மகள். “கெடாவுலயே பொறந்து வளர்ந்துட்டு இன்னும் பூலாவ் பாயார் பார்க்கலையாப்பா?”

பார்க்கவில்லைதான். நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று வாத்தியார் சொன்னார், நம்பினேன். 1217 மீட்டர் ஏறிப்போய்ச் சரிபார்க்கவில்லை. லயத்து அஞ்சடிக்கு முன்னால் ஓடிய லோங்காங் என்கிற சாக்கடைதான் எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர். அதிலும் ஒருமுறை விழுந்திருக்கிறேன்.

குவாலா கெடாவில் ஃபெரி ஏறி, லங்காவியில் ஒரு ராத்திரி தங்கி, விடிந்ததும் குவா ஜெட்டிக்குப் போனோம். பாயார் அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். படகு ஏறுமுன் மனைவி ஒரு மாத்திரையை நீட்டினாள். “கடாரம் கொண்டவன் பரம்பரை வாந்தி மாத்திரை போடுவதா?” என்று கேட்டுவிட்டு, சம்பல் தூக்கலாக ஒரு நாசி லெமாக்கையும் உள்ளே தள்ளினேன். பாதி வழியில் அலை படகை ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. சோழன் கடாரம் கொண்டான்; நான் பிளாஸ்டிக் பை கொண்டேன்.

ஆனால் தீவைப் பார்த்ததும் வயிறு அடங்கிவிட்டது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம், அகலமோ ரொம்பச் சொற்பம். காட்டை முதுகில் சுமந்துகொண்டு மிதக்கும் முதலை மாதிரி. பக்கத்தில் லெம்பு, காச்சா, செகந்தாங் என்று மூன்று குட்டித் தீவுகள். நான்கும் சேர்ந்துதான் கடல் பூங்கா. சுற்றிலும் இரண்டு கடல் மைலுக்குத் தூண்டில், வலை எதுவும் கூடாது. வழிகாட்டி ஒரு மலாய்த் தம்பி. பவளத்தை மிதிக்காதே, மீனுக்குத் தீனி போடாதே, சட்டையைக் கழற்றாமல் குளித்தால் வெயில் சுடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்தான். கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினால் ஆவி படியாதாம். வீட்டில் கண்ட இடத்தில் துப்பாதே என்று என்னைத் திட்டுகிறவள், அன்றைக்குப் பக்கத்தில் நின்று பக்தியோடு துப்பிக்கொண்டிருந்தாள்.

மாட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்தேன். ஒரு நீலம், ஒரு மஞ்சள் கோடு, அப்புறம் மூக்கு நிறைய உப்புத் தண்ணீர். எழுந்து, இருமி, வாரை இறுக்கிக்கொண்டு மறுபடி கவிழ்ந்தேன். மறுபடியும் தண்ணீர். நான்காம் தடவை அந்தத் தம்பி அருகே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான். மூக்குக்குக் கீழே விரலை நீட்டி, மிகுந்த மரியாதையோடு, “பாக்சிக்... மிசாய்” என்றான்.

விஷயம் இதுதான். கண்ணாடியின் ரப்பர் விளிம்பு தோலோடு தோலாக ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. நடுவில் மயிர் இருந்தால் ஒவ்வொரு முடியும் ஒரு வாய்க்கால். எனக்கு இருப்பதோ இருபது வயதில் வளர்த்து, கல்யாணப் படத்தில் மாலையைவிட எடுப்பாகத் தெரிகிற மீசை. அதன் வழியாக மலாக்கா நீரிணையே வந்து போகலாம்.

தம்பி ஒரு டப்பாவைத் திறந்து மீசை முழுக்க வாஸ்லினை அப்பினான். கரையில் இருந்த சீனக் குழந்தைகள் ஐஸ்கிரீமை நக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வேலை செய்தது என்பதையும் சொல்லவேண்டும். மூன்று நிமிடமாவது பார்த்திருப்பேன். வரிச்சட்டை போட்ட மீன்கள் பள்ளிக்கூடம் விட்டதுபோல் கூட்டமாகப் போயின. ஒரு கிளிமீன் பாறையைக் கொறித்தது காதில் கேட்டது. எங்கள் ஆயா முறுக்குக் கடிக்கிற சத்தம். ‘அடடா’ என்று நினைக்கும்போதே, துடுப்பு நுனியில் மைதொட்டு வைத்தாற்போல் ஒரு சாம்பல் நிறப் பிராணி என் முழங்காலை உரசாத குறையாக வந்தது.

சுறா!

மூச்சுக்குழாய்க்குள் கத்தினால் வெளியே ஊதல் சத்தம்தான் வரும், பதிலுக்குக் கடல் உள்ளே வரும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். குட்டிச் சுறாதானாம். ஆளை ஒன்றும் செய்யாதாம், கரையோரம் எப்போதும் சுற்றுமாம். என் முழங்கையளவுதான் இருந்தது. நான் ஓடிய ஓட்டம் திமிங்கலத்துக்கு உரியது.

அப்புறம் மணலில் உட்கார்ந்திருந்தேன். காற்றில் பறந்த மணலெல்லாம் வாஸ்லின் மீசையில் வந்து குடியேறியது. ‘கால் மட்டும் நனைப்பேன்’ என்று சொல்லி வந்த என் மனைவி, லைஃப் ஜாக்கெட்டும் பஞ்சாபி உடையுமாகத் தாம்பாளம் மாதிரி மிதந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அவளுக்கு மீசை இல்லை. கடல் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் வழி முழுக்க அவள்தான் பேசினாள். பூக்களுக்குள் ஒளிகிற ஆரஞ்சு மீன், ஊதாப் பவளம், இன்னொரு சுறா. நான் பையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “பள்ளி லீவுல இன்னொருக்கா வரலாங்க. நீங்களும் நல்லாப் பாக்கணும்ல?” என்றாள். என் மூக்குக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் மணல் போகவில்லை. கண்ணாடி முன் நின்று கத்தரியை எடுத்தேன். நரைத்ததை மட்டும் வெட்டுவோம் என்றுதான் ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் மீசை முடிந்துவிட்டது.